மரபணு

1909-ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து விஞ்ஞானி வில்ஹெல்ம் யோஹான்சன் வழங்கிய ‘ஜீன்’ என்பதற்கு நேராகத் தமிழில் அமைந்த சொல் மரபணு. இதில் மரபு நமக்குப் பழஞ்சொத்து. தொல்காப்பியத்துப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்றே பெயர். பறவையின் இளமைக்குப் பார்ப்பு என்றும், யானையின் இளமைக்குக் கன்று என்றும் முன்னோர் வழிவழியாக வழங்கிய முறையை அங்கே மரபு என்றனர். அந்த வழிவழி வருதல் என்னும் கருத்தே சொல்லிலிருந்து உடலுக்குப் பெயர்ந்து, பரம்பரைக் குணங்களை ஆராயும் சாஸ்திரத்துக்கும் மரபியல் என்னும் அதே நாமத்தைத் தந்திருப்பது மிகவும் பொருத்தமே.

அணு என்பதை மட்டும் ரசாயன நூலார் கூறும் அணுவாகக் கொள்ளலாகாது. மரபணுவோ எண்ணற்ற அணுக்கள் கோத்த டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதி. ஆதலால் ‘மிக நுண்ணியது’ என்ற பழம்பொருளே இங்கு ஏற்கும்.

பெற்றோரிடம் காணாத தாத்தாவின் சாயல் பேரனிடம் தோன்றுவதேன் என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு விடை மெண்டல் என்னும் விஞ்ஞானியின் சோதனையில் உண்டு. அவர் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுதும் நெட்டையாகவே வளர்ந்தது. அடுத்த தலைமுறையிலோ ஏறத்தாழ நாலில் ஒரு செடி மீண்டும் குட்டையாயிற்று. மறைந்து நின்ற அம்சம் அழிந்துபோகவில்லை. 1866-இல் இதை அச்சிட்ட மெண்டல் 1884-இல் காலமானபோது, ஜீன் என்னும் சொல் பிறக்க இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன.