ஒரு திருமணமும் ஒரு பேரரசும்

வகுப்பில் சொல்ல நேரம் கிடைக்காத ஒரு வரலாறு இது.

இன்றைய போட்ஸ்வானா அன்று பெச்சுவானாலாந்து. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே பாமங்வாட்டோ மக்களின் தலைமைக்கு உரியவர் செரெட்சே காமா. லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், 1948-இல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். தேவாலயத்தில் நடத்த விடவில்லை; பதிவுத் திருமணம்தான்.

சித்தப்பா ட்ஷெகெடி கடுமையாக எதிர்த்தார். ஆனால் 1949-இல் செரோவே ஊர்க்கூட்டத்தில் மக்கள் கூடிப் பேசி, பெரும்பான்மையோர் செரெட்சேயை ஏற்றுக்கொண்டார்கள்.

பிரச்சினை அத்தோடு தீரவில்லை. பக்கத்தில் தென்னாப்பிரிக்கா. வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதை அதே ஆண்டு சட்டம் போட்டுத் தடுத்த நிறவெறி அரசு அது. அதன் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்கு வேண்டும். பிரிட்டன் அமைத்த விசாரணைக் குழு, செரெட்சே தகுதியானவர் என்றே எழுதியது. ஆனாலும் அண்டை நாட்டின் பகையைக் காரணம் காட்டி, பதவி தர வேண்டாம் என்றது. அந்த அறிக்கையை அரசு மறைத்தது. அவரை நாடு கடத்தியது.

1956-இல் தலைமை உரிமையைத் துறந்த பிறகே அவரால் ஊர் திரும்ப முடிந்தது. அதற்குள் சித்தப்பாவும் சமாதானமாகியிருந்தார். 1966-இல் நாடு விடுதலை பெற்றபோது செரெட்சேதான் முதல் குடியரசுத் தலைவர். 1980-இல் அவர் மறைந்த பின்னும் ரூத் அங்கேயே வாழ்ந்து, 2002-இல் காலமானார்.

சித்தப்பாவின் கோபம் பேசப் பேசத் தணிந்தது. அரசின் கணக்கு தணியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படி வந்து நின்றால், முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.