மூன்றாவது முனை

ஊருக்குப் போகிறவர்களின் சூட்கேசில் எப்படியும் ஒரு கரண்ட் சாமான் இருக்கும். மிக்ஸி, அயன்பொக்ஸ், சேவ் எடுக்கிற மெசின், ஏதோ ஒன்று. 2011-ல் நானும் ஒருவரிடம் அம்மாவுக்கு ஓர் அயன்பொக்ஸ் கொடுத்துவிட்டேன். பரிசில் கோப்பை கழுவிய காசில் வாங்கியது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இடையில் கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தவை பழைய 5 அம்பியர் பிளக் பொயின்ற்கள். மூன்று வட்ட ஓட்டைகள். மேலே உள்ள எர்த் ஓட்டை மட்டும் பெரிது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான். 1934-ல் பிரித்தானியா இதை பி.எஸ். 546 என்ற தரமாக எழுதிவைத்தது. அவர்கள் ஆண்ட பல நாடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் இன்றும் அந்த வழியில் வந்த பிளக்தான்.

தந்த பிரித்தானியாவோ அதைக் கைவிட்டுவிட்டது. இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதே, போர் முடிந்து கட்டப்போகும் வீடுகளுக்கு எப்படி வயர் இழுப்பது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அப்போது செம்புக்குத் தட்டுப்பாடு. ஒவ்வொரு பொயின்றுக்கும் தனி வயர் இழுக்காமல் வளையமாக ஒரே வயரைச் சுற்றி இழுத்தால் செம்பு மிச்சம். ஆனால் அந்த வளையத்தில் ஓடக்கூடிய கரண்ட் அதிகம். அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு பியூஸ் வைத்தார்கள். 1947-ல் வந்த சதுர முனை 13 அம்பியர் பிளக் இப்படிப் பிறந்ததுதான்.

அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெற். சின்னப் பிள்ளைகள் கை விடாதபடி ஓட்டைகளுக்கு மூடி வேண்டும் என்று குழுவின் 1944-ம் ஆண்டு அறிக்கை சொன்னது. நீளமான எர்த் முனை முதலில் உள்ளே போய் அந்த மூடியைத் திறக்கும். எங்கடை ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எர்த் ஓட்டைக்குள் பேனை மூடியைச் செருகி, மற்ற இரண்டிலும் இரட்டை முனைப் பிளக்கை இறுக்கிவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன்.

ஐரோப்பாக் கண்டம் வேறு வழியில் போனது. 1920களில் ஜேர்மனியில் அல்பேட் பியூட்னர் காப்புரிமை எடுத்த பிளக்கில் எர்த் பக்கவாட்டில் தகடாக இருக்கும். பிரான்சில் எர்த் முனை சுவரிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு இரண்டுக்கும் பொருந்துகிற பிளக் ஒன்று செய்தார்கள். நான் அனுப்பிய அயன்பொக்ஸில் இருந்தது அதுதான்.

கனடாவிலிருந்து 120 வோல்ற் சாமானைக் கொண்டுவந்து இங்கே 230-ல் கொடுத்தால் மூன்றரை மடங்குக்கும் மேலே சூடாகி எரிந்துபோகும். ஆனால் அந்தத் தட்டை முனை எங்கள் சுவருக்குள் போகாது. போகாதபடியால் ஒரு நிமிடம் யோசிப்போம். பிரெஞ்சுப் பிளக் எங்கள் பழைய பொயின்றுக்குள் அளவாகப் போய் நிற்கும். இரண்டிலும் முனைகளுக்கிடையே 19 மில்லிமீற்றர்தான். வோல்ற்றும் ஒன்று. பெட்டி சூடாகும், லைற் எரியும். எர்த் மட்டும் எங்கேயும் தொடாது.

1990-ல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். சுற்றுவது குறைந்தால் செய்தி தேய்ந்துவிடும். சுவரிலிருந்த பிளக் ஓட்டைகளுக்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியது. வருடக்கணக்காக அப்படிக் கிடந்த பொயின்றில்தான் அம்மா என் அயன்பொக்ஸைச் செருகினா.

மூன்று மாதம் கழித்துப் போனில் வேறு ஏதோ கதைக்கும்போது சொன்னா.

"பெட்டி நல்லாச் சூடாகுது தம்பி. தொட்டா மட்டும் கையை உதறுது. செருப்புப் போட்டா ஒண்டும் செய்யேல்லை."

எனக்கு விறைத்துவிட்டது. உள்ளே வயர் உரசி வெளித்தகட்டில் பட்டிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் முதல் நாளே பியூஸ் போயிருக்கும். பௌதிகம் மூன்றாம் வருடம் வரை படித்து 2006-ல் விட்டுவிட்டு வந்தவன் நான். கடையில் வாங்கும்போது இது என் மூளையில் ஓடவில்லை.

"அம்மா, உடனை கழட்டி வையுங்கோ. ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"பிள்ளை கஷ்டப்பட்டு அனுப்பினது. பழுதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அகதி விசாவில் இருக்கிறவன், ஊருக்குப் போய்த் திருத்த வழியில்லை. தெரிந்த வயரிங் பெடியன் ஒருவனைப் பிடித்து, புது 13 அம்பியர் பொயின்ற் பூட்டி, எர்த் இழுத்து, பிளக்கை வெட்டிப் பச்சை மஞ்சள் வயரையும் சேர்த்துப் புதுப் பிளக் போடச் சொன்னேன். போட்டதும் பியூஸ் போனது. அப்போதுதான் பெட்டி பழுது என்று அம்மா நம்பினா.

உலகத்துக்கு ஒரே பிளக் என்று 1986-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு தரம் வெளியிட்டது. பிரேசிலும் தென்னாபிரிக்காவும் அதைத் தழுவித் தங்கள் பிளக்கை மாற்றின. மற்ற நாடுகள் கட்டிய சுவரை உடைக்கத் தயாரில்லை. இலங்கை 2016-ல் 13 அம்பியர் சதுர முனையையே நாட்டின் தரமாக எடுத்தது. ஆனாலும் பழைய வீடுகளில் பழைய ஓட்டைகள் இருக்கத்தான் செய்கின்றன.

அடுத்தமுறை ஊருக்கு ஏதாவது கொடுத்துவிடும்போது எர்த் போய்ச் சேருமா என்று பாருங்கள். மலிவு அடப்ரர்கள் சிலவற்றில் அது பேருக்குத்தான் இருக்கும். அனுப்பியபின் "வேலை செய்யுதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "தொட்டால் உதறுதா" என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள்.