அற்புத நாவலும் விஞ்ஞான நாவலும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது அவ்வூர்ப் பஞ்சாங்கம். இரகுநாதையர் பெயரால் வழங்கும் வாக்கிய பஞ்சாங்கம் கொக்குவிற் சோதிடப் பிரகாச யந்திரசாலையில் அச்சாகி, ஆண்டுதோறும் வீடுகளுக்குச் சென்று சேர்ந்தது. கிரகணம் எந்நாளிற் பற்றும், எந்நேரத்தில் விடும் என்பதை அது முன்கூட்டியே கணித்துச் சொல்லும். இன்னும் நிகழாததைக் கணக்கிட்டு எழுதிய நூலைப் புரட்டிப் பழகியவர்கள் நாம். அவ்வாறிருந்தும், வருங்காலத்தையும் வேற்றுலகங்களையும் பொருளாகக் கொண்ட விஞ்ஞான நாவலும், இயற்கைக்கு அப்பாற்பட்டவற்றைச் சொல்லும் அற்புத நாவலும் நமக்குரியன அல்ல என்று கருதுவோர் உளர். அவை சிறுவர்க்கான பொழுதுபோக்கு என்பர் சிலர். மேனாட்டுச் சரக்கு என்பர் வேறு சிலர். இக்கருத்துக்கள் பொருந்துமா என்பதை நம் நாவல் வரலாற்றைக் கொண்டே ஆராய்ந்து, நேயர்கள் படித்தற்குரிய நூல்கள் சிலவற்றையும் எடுத்துரைப்போம்.

ஈழத்தின் முதற் றமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'. எகிப்திலே பிறந்த குழந்தையொன்று களவாடப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்படுகின்றது. வளர்ந்து பல இடர்களை வெல்கின்றது. அடுத்து, 1891-இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' வெளிவந்தது. ஐரோப்பாவில் இடைக்காலந்தொட்டு வழங்கிய, வலன்ரைன், ஓர்சன் என்னும் இரட்டையரின் கதையே இதற்கு மூலம். ஒருவன் காட்டிலே கரடியினால் வளர்க்கப்படுகின்றான். மற்றவன் அரண்மனையில் வளர்கின்றான். அம்மூலக்கதையிலே பேசும் பித்தளைத் தலையொன்றும், வானிற் பறக்கும் மரக்குதிரையொன்றும் வருகின்றன. பேசும் இயந்திரமும் வான்வழிப் பயணமுமே பிற்கால விஞ்ஞான நாவலின் பெருங் கனவுகள் அல்லவா? நம் நாவல் வியப்பை விலக்கிப் பிறந்ததன்று. வியப்பின் மடியிலேயே பிறந்தது.

பின்னர் வழி மாறியது. சி. வை. சின்னப்பபிள்ளையின் 'வீரசிங்கன் கதை' 1905-இலும், மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914-இலும் வெளிவந்தன. குடும்பமும் ஒழுக்கமும் நாவலின் பொருளாயின. 1954-இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியபின் சமூக யதார்த்தம் ஓங்கியது. செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965-இலும், கே. டானியலின் 'பஞ்சமர்' 1972-இலும் சாதிக் கொடுமையை வெளிப்படக் காட்டின. கோயில் வாசலும் குடிதண்ணீர்க் கிணறும் ஒரு சாரார்க்கு மறுக்கப்பட்ட நாட்டிலே, எழுத்தாளன் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருத்தல் தகுமா என்ற கேள்வி நியாயமானதே. அந்நாவல்கள் எழுதப்பட்டேயாக வேண்டியவை. ஆனால், வியப்பை நாடும் கதை சமூகத்தை மறந்த கதையே என்று அதிலிருந்து முடிவு கட்டுதல் தவறு.

சான்றுகள் இரண்டு கூறுவோம். 'வீரசிங்கன் கதை' வெளிவந்த அதே 1905-இல், சென்னையில் நடைபெற்ற ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகையொன்றில் வங்கத்து ரொக்கேயா 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். அக்கனவு நாட்டிலே பெண்கள் ஆள்கின்றனர். ஆண்கள் அந்தப்புரத்தில் அடங்கியிருக்கின்றனர். சூரிய வெப்பத்தைச் சேகரித்துச் சமையல் நடைபெறுகின்றது. பர்தாவுக்குள் அடைபட்ட பெண்ணின் நிலையை இதனினும் கூர்மையாகக் காட்டுதல் அரிது. மற்றது, பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வேர்ண் 1870-இல் வெளியிட்ட கடலடிப் பயண நாவல். அதிலே கப்பித்தான் நேமோ நம் மன்னார்க் கடலின் முத்துச் சலாபத்துக்கு வருகின்றான். சுறாவின் வாயிலிருந்து ஓர் ஏழை முத்துக்குளிப்பாளனைக் காத்து, முத்துப் பை ஒன்றையும் கொடுத்தனுப்புகின்றான். அவன் பந்தேல்கண்ட் இளவரசன் என்பதும், ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவன் என்பதும் 1875-இல் நிறைவெய்திய 'மர்மத் தீவு' நாவலிலே தெரியவருகின்றன. மேனாட்டுக் கதையினுள்ளும் நம் கடலும் நம் துன்பமும் இருத்தலைக் காண்கிறோம்.

தமிழிலே இத்துறையிற் படிக்கத் தொடங்குவோர்க்கு இரு நூல்களைக் கூறலாம். மேரி ஷெல்லி 1818-இல் எழுதிய நாவலைப் புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' என்று தமிழிலே தந்தார். தான் படைத்த உயிருக்குப் பொறுப்பேற்க மறுத்த மனிதனின் கதை அது. சுஜாதா 1980-களில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பின்வந்த தலைமுறையையே கவர்ந்தது. ஜீனோ என்னும் இயந்திர நாயின் நகைச்சுவைக்காகப் படிக்கத் தொடங்குவோர், எல்லாரையும் கண்காணிக்கும் அரசொன்றின் கொடுமையை உணர்ந்து முடிப்பர்.

நம் தீவையே களமாக்கிய நாவலும் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கைக்கு வந்து, 2008-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். செயற்கைக் கோள்கள் வழியே ஒலிபரப்பை உலகெங்கும் அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் அவர். 1979-இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் ஊற்றுக்கள்' என்ற அவருடைய நாவலில், இத்தீவை ஒத்த ஒரு நாட்டின் மலையுச்சியிலிருந்து விண்ணுக்கு ஏறுபொறி அமைக்க முயல்கின்றனர். அங்குள்ள மடத்துப் பிக்குகள் இடந்தர மறுக்கின்றனர். பொறியியலும் பக்தியும் மோதும் அவ்விடமே நூலின் உயிர்.

இவை எல்லாவற்றிலும் யாழ்ப்பாணத்தவர் முதலிற் படிக்கவேண்டியது, ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட 'ஃபாரன்ஹீட் 451' என்பது எம் கருத்து. அக்கற்பனை நாட்டிலே தீயணைப்போரின் தொழில் நூல்களை எரித்தல். எரிந்த நூல்களைக் காக்க, ஆளுக்கொரு நூலாக மனனஞ்செய்து காட்டிலே திரிகின்றனர் சிலர். 1981-ஆம் ஆண்டு மே 31-ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு கற்பனையை நம் கண்கள் உண்மையாகக் கண்டன. விஞ்ஞான நாவலை வெறும் கேளிக்கை என்று கூறும் உரிமை வேறு யார்க்கு இருப்பினும் நமக்கு இல்லை.

அண்மையில் நம் நாட்டவர் ஆங்கிலத்தில் எழுதிய இரு நாவல்களும் குறிப்பிடத்தக்கன. ஷெஹான் கருணாதிலக 2022-இல் புக்கர் பரிசு பெற்ற நாவலில், கொலையுண்ட போர்ப் படப்பிடிப்பாளன் ஆவியாகி, தன்னைக் கொன்றவர் யார் என்று ஏழு இரவுகளுக்குள் அறிய முயல்கின்றான். வஜ்ர சந்திரசேகர 2023-இல் வெளியிட்டு நெபுலா பரிசு பெற்ற நாவலோ, திறக்கவியலாத ஒளிக்கதவுகள் நிறைந்த நகரொன்றைக் காட்டுகின்றது. இனமும் சாதியும் பார்த்து மனிதரை வகுக்கும் ஆட்சியை அங்கே நாம் அடையாளங் காண்போம். நேரே சொல்லக் கூசிய உண்மைகளைச் சொல்லுதற்கு இவ்வாசிரியர்கள் அற்புதத்தின் துணையை நாடினர்.

ஊர் வாசிகசாலைகளை நடத்துவோர் இந்நூல்களுக்கென ஒரு தட்டை ஒதுக்குவாராக. மொழிபெயர்க்கும் ஆற்றலுடைய இளைஞர் அவற்றைத் தமிழாக்குவாராக. தெரிவு செய்யும்போது ஒன்றை மட்டும் நோக்கினாற் போதும்: கதையிலுள்ள இயந்திரத்தையும் மாயத்தையும் நீக்கிய பின்னும் ஒரு மனிதனுடைய துயரமோ நம்பிக்கையோ எஞ்சுமாயின் அது படிக்கத் தக்கது. ஒன்றும் எஞ்சாததை விட்டுவிடலாம். விண்வெளியையும் வருங்காலத்தையும் பற்றித் தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே எண்ணிப் பார்க்கவேண்டுமானால், அதற்குரிய சொற்களை இத்தகைய நூல்களே அவர்களுக்குப் பழக்கித் தரும்.