டெலிபோன் மேல் பிராது

வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை என்று கோர்ட்டுப் படி ஏறுவது நம் ஊர்களில் புதிய விஷயம் அல்ல. அடுத்த வீட்டுத் தென்னை மரத்துத் தேங்காய் நம் கொல்லையில் விழுந்தால் அது யாருடையது என்று அப்பன் காலத்தில் ஆரம்பித்துப் பிள்ளை காலம் வரையில் வழக்காடியவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால், "என் வீட்டு டெலிபோன் பேசமாட்டேன் என்கிறது, நஷ்ட ஈடு வாங்கித் தாருங்கள்" என்று சாதாரண மனிதன் ஒருவன் போய் நிற்க ஓர் இடம் உண்டா? இந்தச் சின்னக் கேள்விக்குத் திட்டமான பதில் கிடைக்க நம் தேசத்தில் 1885-லிருந்து 2022 வரையில் ஆயிற்று. 137 வருஷம்! தேங்காய் வழக்கே தேவலை.

கதை லண்டனில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் தந்தி அனுப்பும் ஏகபோக உரிமையை 1869-ஆம் வருஷத்துச் சட்டம் தபால் இலாகாவுக்குக் கொடுத்திருந்தது. டெலிபோனுக்குக் கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கியது 1876-ல். அதன் பிறகு எடிசன் பெயரால் லண்டனில் ஒரு டெலிபோன் கம்பெனி தொடங்கினார்கள். தபால் இலாகா வழக்குப் போட்டது. "ஐயா, தந்தி வேறு, டெலிபோன் வேறு. தந்தியில் 'கட்டுக்கடகட்டு' என்று சத்தம் வரும்; இதில் மனிதன் குரல் வருகிறது. மேலும் உங்கள் சட்டம் பிறந்தபோது டெலிபோனே பிறக்கவில்லையே!" என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. 1880 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கம்பியும் மின்சாரமும் செய்தியும் இருந்தால் அது தந்திதான், டெலிபோனும் தந்தியே என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். உயில் எழுதியபோது பிறக்காத பேரனுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்பது போல இருக்கிறது, இல்லையா?

வேடிக்கையான தீர்ப்பு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பங்கோடு கடனும் சேர்ந்து வந்ததுதான் விபரீதம். ஐந்து வருஷம் கழித்து, 1885-ல், இந்தியாவுக்கு ஒரு தந்திச் சட்டம் செய்தார்கள். டெலிபோனும் அந்தக் குடைக்குள் வந்து சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு, தந்தி ஊழியர் தம் கடமையில் தவறி ஒரு செய்தி போகாமல் போனாலோ, தப்பாகப் போனாலோ, அதனால் வரும் நஷ்டத்துக்குச் சர்க்கார் பொறுப்பல்ல என்று கூறிற்று. ஊழியர் மேல் குற்றம் சாட்ட வேண்டுமானால் கவனக் குறைவோ, கெட்ட எண்ணமோ, மோசடியோ இருந்ததென்று ருசுப்படுத்த வேண்டும். வீட்டிலிருந்து ஒரு குமாஸ்தாவின் மனத்துக்குள் புகுந்து பார்க்க யாரால் முடியும்?

இது வெள்ளைக்கார சர்க்காரின் அக்கிரமம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. தந்தித் தொழில் தனியார் கையில் இருந்த அமெரிக்காவிலும் கதை இதுதான். 1887 ஜூன் மாதம் பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வியாபாரி பிரிம்ரோஸ் என்பவர், கான்ஸாஸ் மாகாணத்திலிருந்த தம் ஏஜெண்டுக்கு ஒரு தந்தி கொடுத்தார். கூலி 1 டாலர் 15 சென்ட். வியாபார ரகசியம் வெளியே போகக் கூடாதென்று சங்கேத வார்த்தைகளில் எழுதியிருந்தார். அதில் 'பே' என்று ஒரு வார்த்தை. 'நான் வாங்கியாகிவிட்டது' என்று அவர்களுக்குள் அதற்கு அர்த்தம். ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு நடுவே 'ஏ' என்ற எழுத்து. தந்தி பாஷையில் அந்த எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒரு கோடு. வழியில் ஒரு புள்ளி அதிகமாக விழுந்துவிட்டது. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தால் 'யூ' ஆகிவிடும். 'பே' என்பது 'பை' ஆயிற்று. 'பை' என்றால் 'வாங்கு' என்று பச்சை ஆங்கிலம்! ஏஜெண்டு விசுவாசமுள்ளவர், மூன்று லட்சம் பவுண்டு எடைக் கம்பளியை வாங்கிக் குவித்துவிட்டார். நஷ்டம் 20,000 டாலருக்கு மேல். ஒரு புள்ளியின் விலை அது!

வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 1894-ல் முடிந்தது. தந்தித் தாளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை அச்சிட்டிருந்தார்கள். பாதிக் கூலி அதிகம் கொடுத்துத் தந்தியைத் திருப்பிப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்காவிட்டால், கொடுத்த கூலிக்கு மேல் கம்பெனி ஒரு காசும் தராது என்று. வியாபாரி அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்; ஆகவே 1 டாலர் 15 சென்ட்தான் அவருக்குப் பாத்தியம் என்று கோர்ட்டு சொல்லிற்று. நாவல் எழுதுகிறவன் இந்த மாதிரி ஒரு கட்டத்தைக் கற்பனை செய்தால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

அதே 1887-ல் நம் நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஏழைபாழைகள் சில்லறைப் பாக்கிகளுக்கு வருஷக்கணக்கில் அலையாமல் சுருக்கமாக நியாயம் பெறுவதற்காக, மாகாணங்களில் சிறு வழக்கு மன்றங்களுக்கு ஒரு சட்டம் செய்தார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா பட்டணங்களுக்கு 1882-லேயே தனிச் சட்டம் உண்டு. சென்னையில் 'ஸ்மால் காஸ் கோர்ட்டு' என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். நமக்கெல்லாம் நாடகாசிரியராகத் தெரிந்த பம்மல் சம்பந்த முதலியார் அந்தக் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தவர் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டலாம். பகலில் வாடகைப் பாக்கி வழக்கு, இரவில் 'மனோகரா'! கடன்காரர்களின் நடிப்பையெல்லாம் பகலில் பார்த்துவிட்டு இரவில் மேடையைப் பார்த்தவருக்கு எது நிஜ நாடகமாகத் தோன்றியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இந்தச் சின்னக் கோர்ட்டு டெலிபோன்காரனுக்கு உதவுமா? 1887-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கடைசியில், சிறு வழக்கு மன்றம் தொடக் கூடாத வழக்குகளுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. முதல் சில வரிகளிலேயே, சர்க்காரின் உத்தரவையும் சர்க்கார் அதிகாரி உத்தியோக ஹோதாவில் செய்த காரியத்தையும் பற்றிய வழக்குகள் இங்கே வரக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். வாசலில் கோலம் போட்டு வரவேற்றுவிட்டு உள்கதவைத் தாளிட்டுக்கொண்ட மாதிரிதான்.

சென்னையில் டெலிபோன் வந்தது 1880-களின் தொடக்கத்தில். கொண்டுவந்தது ஒரு கம்பெனி. பல காலம் கம்பெனிதான் நடத்திற்று. 1943-ல், யுத்த காலத்தில், சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களின் டெலிபோனையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து சந்தாதாரருக்கு எதிர்க் கட்சி கம்பெனி அல்ல, சாட்சாத் சர்க்கார்.

சுதந்திரம் வந்த பிறகு 1957-ல் தந்திச் சட்டத்தைத் திருத்தி ஏழு-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சந்தாதாரருக்கும் இலாகாவுக்கும் டெலிபோன் கம்பியைப் பற்றியோ கருவியைப் பற்றியோ தகராறு வந்தால், மத்திய சர்க்கார் ஒரு மத்தியஸ்தரை நியமிக்கும். அவர் சொல்வதே முடிவு. எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மத்தியஸ்தராக உட்கார்ந்தவர் பெரும்பாலும் அதே இலாகா அதிகாரி! மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தால் நாத்தனார் தீர்ப்புச் சொல்வார் என்று ஏற்பாடு செய்தது போல் ஆயிற்று. காரணமே சொல்லாமல் ஒரு வரியில் தீர்ப்பு எழுதும் வழக்கமும் இருந்தது. மத்தியஸ்தர் காரணம் எழுத வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 1996-ல்.

டெலிபோன் தகராறுகளில் முக்காலே மூணு வீசம் பில் தகராறு. டிரங்க் கால் காலத்தில் எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம் பேசினோம் என்று ஒரு சீட்டாவது இருந்தது. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேராக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்தது, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவிற்று. எக்ஸ்சேஞ்சில் ஒரு மீட்டர் 'டிக், டிக்' என்று எண்ணிக்கொண்டே போகும். யாரிடம் பேசினோம், எப்போது பேசினோம் என்பது அதற்குத் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். மீட்டர் சொல்வது பொய் என்று நிரூபிக்கச் சந்தாதாரரிடம் என்ன இருக்கிறது? ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்த மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தவர்கள் முதலில் கட்டிவிட்டுத்தான் பிறகு சண்டை போட்டார்கள். கட்டாவிட்டால் இணைப்பு போய்விடும். என் வீட்டு டெலிபோன் ஒரு மழைக் காலத்தில் 47 நாள் ஊமையாகக் கிடந்தது. லைன்மேன் வரவில்லை; நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வாடகைப் பில் மட்டும் தேதி தவறாமல் வந்து சேர்ந்தது.

இந்த நிலையில்தான் 1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு மன்றம். வக்கீல் வேண்டியதில்லை, வாதியே எழுந்து நின்று தம் குறையைத் தம் பாஷையில் சொல்லலாம். ஸ்மால் காஸ் கோர்ட்டு செய்யத் தவறியதை இது செய்தது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவையில் குறை இருந்தால், செய்தவர் சர்க்காரானாலும் பதில் சொல்லத்தான் வேண்டும். 1993-ல் லக்னோ அபிவிருத்தி ஆணையம் சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதியாகச் சொல்லிற்று. டெலிபோன்காரர்கள் சாரி சாரியாக ஜில்லா மன்றங்களுக்குப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் கேரளத்துக்காரர். பில் கட்டவில்லையென்று அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். கோழிக்கோடு ஜில்லா மன்றம், இணைப்பைத் திருப்பிக் கொடு, 5,000 ரூபாய் நஷ்ட ஈடும் வட்டியும் கொடு என்று உத்தரவிட்டது. 5,000 ரூபாய்க்காக இலாகா கேரள ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே தோற்றுச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2009 செப்டம்பர் 1-ஆம் தேதி, நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, அசோக் குமார் கங்குலி இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். தந்திச் சட்டம் விசேஷச் சட்டம். அதில் மத்தியஸ்தர் இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று!

ஒரு கேரளத்துச் சந்தாதாரரின் 5,000 ரூபாயோடு, தேசத்து டெலிபோன்காரர்கள் எல்லோருடைய வாசலும் அடைபட்டது. இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. தொலைத்தொடர்பு வழக்குகளுக்கென்றே 2000-த்தில் ஒரு தனி நடுவர் மன்றம் அமைத்திருந்தார்கள். தனி மனிதனின் புகாரை நாங்கள் கேட்கமாட்டோம், நுகர்வோர் மன்றத்துக்குப் போ என்பது அதன் விதி. அங்கே போனால், சுப்ரீம் கோர்ட்டு கூடாதென்கிறது, மத்தியஸ்தரிடம் போ என்பார்கள். தனியார் மொபைல் கம்பெனிகளுக்கு ஏது இலாகா மத்தியஸ்தர்? அந்தக் கம்பெனிகள் சட்டம் சொல்லும் தந்தி அதிகாரி அல்ல, அவர்கள் மேல் வரும் புகாரை நுகர்வோர் மன்றமே விசாரிக்கலாம் என்று தொலைத்தொடர்பு இலாகா 2014 ஜனவரியில் ஒரு கடிதம் எழுதிற்று. ஆனாலும் கம்பெனி வக்கீல்கள் 2009 தீர்ப்பை நீட்டுவதை நிறுத்தவில்லை.

அந்த 2014-லேயே, மே மாதத்தில், ஆமதாபாத் ஜில்லா மன்றத்தில் ஒருவர் பிராது கொடுத்தார். அவருடைய மொபைல் பில் மாதத்துக்குச் சராசரி 555 ரூபாய். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரைக்கான பில் 24,609 ரூபாய்! அவர் கேட்டது 22,000 ரூபாயும் வட்டியும். கம்பெனி சொன்ன பதில்: இது தந்திச் சட்டத்து விவகாரம், இங்கே செல்லாது. தேசத்தில் தந்தி என்பதே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. தந்தி செத்து நாலு மாதம் கழித்து வந்த பில்லுக்குத் தந்திச் சட்டம் கேடயம். லண்டன் நீதிபதிகள் 1880-ல் கட்டிவைத்த முடிச்சு, ஆமதாபாத்தில் ஒரு மொபைல்காரரின் கழுத்தில் இறுகிற்று.

மாநில ஆணையம் விசாரிக்கலாம் என்றது. தேசிய ஆணையமும் அதையே சொன்னது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஏறிற்று. 2022 பிப்ரவரி 16-ல் நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள், 2009 தீர்ப்பு சரியான சட்டம் அல்ல என்றார்கள். நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களோடு கூடுதலாகக் கிடைத்த பரிகாரம்; மத்தியஸ்தரிடம் போவதா, மன்றத்துக்கு வருவதா என்பது சந்தாதாரர் இஷ்டம். 2019-ல் வந்த புதிய நுகர்வோர் சட்டத்தில் 'தொலைத்தொடர்பு' என்ற வார்த்தையைப் புதிதாகச் சேர்த்ததால் பழைய சட்டத்தில் அது இல்லை என்று ஆகிவிடாது என்றும் விளக்கினார்கள்.

ஆமதாபாத்காரருக்கு 22,000 ரூபாய் கிடைத்ததா என்று வாசகர்கள் கேட்பார்கள். அந்தத் தீர்ப்பு அதைப் பற்றியதே அல்ல. பிராதை விசாரிக்கலாமா, கூடாதா என்பதற்குத்தான் எட்டு வருஷம். விசாரணை இனிமேல்!

1885-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் பாராளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் செய்தது. குறைகளைத் தீர்க்க அதிலும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் இந்தத் தடவை, நுகர்வோர் சட்டப்படி பரிகாரம் தேடும் உரிமையை அது பாதிக்காது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் ஜில்லா ஆணையத்தில் கட்டணம் இல்லை என்று 2020-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. டெலிபோன் பில் ஐந்து லட்சத்தைத் தாண்டுவது ஆமதாபாத்திலேகூட நடக்கவில்லை.