சூனியக்காரி பொம்மையும் ஒரு சாட்சியும்

தங்கமணிக்கு இப்போது கம்பளி நூல் பித்து. எங்கள் நொய்டா குடியிருப்பில் ஹாலோவீன் கொண்டாடுகிறார்களாம், அதற்கு ஒரு சூனியக்காரிக் கிழவி பின்னுகிறார். கறுப்பு நூலில் கூம்புத் தொப்பி, வயிற்றுக்குள் பஞ்சு, முகத்துக்குப் பச்சை நூல். இந்தப் பச்சை முகம் ஒன்றும் புராதனமில்லை. 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' கலர் படம் பரப்பியது.

ஆனால் அடைத்துத் தைத்த பொம்மைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்த சேலம் சூனிய வழக்குகளில் முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப். இவருடைய உருவம் இரவில் வந்து தங்களை வதைத்ததாகச் சிலர் சொன்னார்கள். கண்ணால் கண்ட சாட்சியாக வந்தவர்கள் இரண்டு வேலையாட்கள், அப்பாவும் மகனும். இவர் முன்பு குடியிருந்த வீட்டின் நிலவறைச் சுவரை இடித்தபோது, பொந்துகளில் கந்தலும் பன்றி மயிரும் கொண்டு செய்த பொம்மைகள் இருந்தனவாம். தலையில்லாத குண்டூசிகள் குத்தியிருந்தனவாம்.

எப்போது பார்த்தார்களாம்? சுமார் 7 வருஷம் முன்பு! 7 வருஷம் கழித்து வருகிற வவுச்சரை எங்கள் பிராஞ்சில் தொடக்கூட மாட்டோம். அந்தக் கோர்ட் வாங்கிக்கொண்டது. ஜூன் 10 அன்று தூக்கு.

மொத்தம் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். (எரித்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை.) 1711-ல் பலருடைய தண்டனையை ரத்து செய்தார்கள். பிஷப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவரும் நிரபராதி என்று பெயர் சொல்லிச் சட்டம் வந்தது 2001-ல். கவர்னர் கையெழுத்துப் போட்ட தேதி அக்டோபர் 31, ஹாலோவீன்.