மாணவர் தற்கொலை அபாய மதிப்பீடு (சென்னை)

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களில் யாருக்குத் தற்கொலை எண்ணம் இருக்கிறது, அது எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்பதை உளவியல் வினாப்படிவங்களால் அறிய முயலும் முறை. படிவங்களில் பல அமெரிக்காவில் உருவானவை. சென்னையில் அவை கல்லூரிக் கவுன்சலர் அறையிலும் மருத்துவமனை மனநலப் பிரிவிலும் புழங்குகின்றன. உளவியல் துறை ஆய்வேடுகளில் அதைவிட அதிகமாகப் புழங்குகின்றன. நாளை யார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று சொல்லும் சக்தி இவற்றுக்கு இல்லை என்பது நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழிபோட்டவர் மதுரை மனநல மருத்துவர் அ. வெங்கோபராவ். எர்ஸ்கின் மருத்துவமனையில் (இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனை) தற்கொலைக்கு முயன்று சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றி 1965-இல் எழுதினார். சென்னைத் தற்கொலைகளைப் பற்றி ஆர். பொன்னுதுரையும் ஜெயகரும் 1980-இல் எழுதினர். இவை நடந்து முடிந்ததைப் பதிவுசெய்தவை. வருமுன் அளக்கும் முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது.

படிவங்கள்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆரன் பெக் 1961-இல் வெளியிட்ட மனச்சோர்வுப் பட்டியலில் 21 இனங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கைந்து வாக்கியங்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒன்பதாவது இனம்தான் தற்கொலை பற்றியது: அப்படி எண்ணமே இல்லை என்பதில் தொடங்கி, வாய்ப்புக் கிடைத்தால் செய்துவிடுவேன் என்பதில் முடியும். நம்பிக்கையின்மையை அளக்க 20 கூற்றுகள் கொண்ட அளவையை 1974-இலும், தற்கொலை எண்ணத்தை அளக்க 19 இனங்கள் கொண்ட அளவையை 1979-இலும் பெக் குழு வெளியிட்டது. 2001-இல் வந்த பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வுப் படிவம் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. கடைசிக் கேள்வி சாவு பற்றியது. காசில்லாமல் கிடைப்பதால் இன்று எங்கும் பரவியிருப்பது இதுதான். அதே ஆண்டில் வெளிவந்த ஓஸ்மன் குழுவின் படிவத்துக்கு நான்கே கேள்விகள் போதும்.

படிவத்தைப் பெயர்த்துவிட்டால் மட்டும் போதாது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பெக் பட்டியலை இங்குள்ள வளரிளம் பருவத்தினரிடம் சோதித்து 2007-இல் கட்டுரை வெளியிட்டதற்குக் காரணம் அதுவே. இந்தச் சோதனையைச் செய்யாமல் அயல்நாட்டு வெட்டுப்புள்ளியை அப்படியே போட்டு, இத்தனை சதவீத மாணவருக்கு ஆபத்து என்று முடிக்கும் ஆய்வேடுகளை நம்ப முடியாது.

கணக்கு உதைக்கும் இடம்

அமெரிக்காவின் ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் 4,800 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அலெக்ஸ் போகோர்னி 1983-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் 67 பேர் தற்கொலையால் இறந்தனர். கையில் இருந்த அளவைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தும் அவர்களை முன்கூட்டியே பிரித்தெடுக்க முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்த பிராங்க்ளின் குழு 2017-இல் சொன்னதும் அதையே: கணிப்பு, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

காரணம் எளிய கணக்கு. ஒரு லட்சம் மாணவர்களில் ஓராண்டில் பத்துப் பேர் இறப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் எட்டைப் பிடித்து, மற்றவர்களில் பத்தில் ஒருவரை மட்டும் தவறாகக் காட்டும் நல்ல படிவம் ஒன்று இருந்தாலும், அது சுமார் பத்தாயிரம் பேரைச் சுட்டிக்காட்டும். உண்மையில் இறக்கவிருப்பவர் அதில் எட்டுப் பேர். மீதி இருவரை அதே படிவம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டிருக்கும். ஆபத்து மதிப்பெண்ணை வைத்து யாருக்குச் சிகிச்சை, யாருக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கக் கூடாதென்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்வது இதனால்தான்.

கேட்பதே எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயமும் பழையது. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்களிடம் நடந்த சோதனை (2005), கேட்டதால் யாருக்கும் மனவேதனை கூடவில்லை என்று காட்டியது.

சென்னை

லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா, மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. தன்னார்வலர்கள் தொலைபேசியில் காதுகொடுத்துக் கேட்பதே அதன் அடிப்படை வேலை. அவரும் எஸ். ராஜ்குமாரும் தற்கொலையால் இறந்த 100 பேரை உயிருடன் உள்ள 100 பேருடன் ஒப்பிட்ட சென்னை ஆய்வு 1999-இல் வந்தது.

அடுத்து உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டு ஆய்வு. அதில் சென்னைவாசிகளில் 2.6 சதவீதம் பேர்தான் வாழ்நாளில் தற்கொலையை எண்ணியதாகச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 25.4 சதவீதம். தற்கொலை விகிதத்தில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தின் தலைநகர் இது! வீடு தேடி வந்து கேட்பவரிடம் நம் ஆட்கள் வாய் திறப்பதில்லை என்றே இதை வாசிக்க வேண்டும்.

இதே திட்டத்தின் இரண்டாம் பகுதிதான் முக்கியமானது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருடன் ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தனர், இரண்டாவதில் 0.2 சதவீதம். முடிவு 2008-இல் வெளியானது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று அளந்து பிரிக்காமல், எல்லாரையும் விசாரித்ததால் கிடைத்த பலன் இது.

மாணவர்களிடம் படிவம் சிக்கும் முடிச்சு இன்னொன்று உண்டு. பெயரும் ரோல் நம்பரும் கேட்டால் எல்லாரும் பூஜ்யத்தை டிக் செய்கிறார்கள். வார்டன் கூப்பிடுவார், அப்பாவுக்குப் போன் போகும், ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். பெயர் கேட்காவிட்டால் உண்மை வருகிறது, ஆனால் ஒன்பதாவது கேள்வியில் 3 போட்டவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை. சட்டமும் குறுக்கே நின்றது. இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. முயன்றதுண்டு என்று எழுதித் தருவது வாக்குமூலம் கொடுப்பது போலத்தான் இருந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கத்தியை மழுக்கியது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-இல் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாடு எடுத்த நடவடிக்கைகளில் பயன் தெரிந்தது, தேர்வில் தவறியவர் ஓராண்டை இழக்காமல் உடனே எழுத வகைசெய்த துணைத்தேர்வு. அதற்குப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை. 2021 செப்டம்பரில் நீட் எழுதிய சுமார் 1.1 லட்சம் மாணவர்களைக் கவுன்சலர்கள் போனில் அழைத்துப் பேச அரசு ஏற்பாடு செய்தது. அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடி, வளாகத்தில் மாணவர் மரணங்கள் அடுத்தடுத்து நேர்ந்த 2023-இல், மாணவர் நலனுக்கென ‘பி ஹேப்பி’ இணையதளத்தைத் தொடங்கியது.

ஐரோப்பாவில் பத்து நாடுகளின் 168 பள்ளிகளில் நடந்த ஆய்வு (2015), படிவத்தால் சலித்தெடுத்து நிபுணரிடம் அனுப்பும் முறை தனியாகப் பெரிய பலன் தரவில்லை என்றும், வகுப்பிலேயே மாணவர்கள் நடித்தும் விவாதித்தும் பழகிய பயிற்சி தற்கொலை முயற்சிகளைப் பாதியளவு குறைத்தது என்றும் காட்டியது. நம் கல்லூரிகள் இன்னும் முதல் முறையிலேயே நிற்கின்றன; கூகுள் ஃபார்ம் அனுப்புவது சுலபம்.

உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள கவுன்சலர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்றது. படிவம் தரும் கல்லூரி முதலில் செய்ய வேண்டியது, அதை அன்றைக்கே பிரித்துப் படித்து அந்த மாணவருடன் பேச ஓர் ஆளை வைப்பது. அது முடியாதென்றால் படிவமே தர வேண்டாம்.

உங்களுக்கோ உங்கள் அறைத்தோழருக்கோ இப்போது பேச ஆள் தேவையென்றால்: டெலி மானஸ் 14416, தமிழக அரசு 104, சிநேகா 044-24640050.