தடிமனான எஃகு எவ்வளவு தேய்ஞ்சிருக்கு? தொடாமலே சொல்லும் காயில்!

கல்குவாரி ஜா கிரஷரில் பாறையை நொறுக்குவது இரண்டு தடிமனான தகடுகள். பெயர் ஜா பிளேட். இவை தேய்ந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் மாற்றினால் காசு வீண். அப்படியே விட்டுட்டா மெஷின் பாடியே அடிவாங்கும். மிச்சம் எவ்வளவுனு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அல்ட்ராசவுண்ட் போதாதா?

சாதாரண இரும்புக்குப் போதும். ஆனால் ஜா பிளேட்டை பொதுவாக மாங்கனீசு எஃகில் வார்ப்பார்கள். அதன் படிகங்கள் பெரியவை. ஒலி அலை உள்ளே சிதறிவிடும்.

காயில் என்ன செய்யும்?

செம்புக் கம்பிச் சுருளில் ஏசி மின்சாரம் பாய்ந்தால், பக்கத்து உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உருவாகும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. தகடு மெலிந்தால் காயிலின் இண்டக்டன்ஸ் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத் தேய்மானத்தைக் கணக்கிடலாம்.

எவ்வளவு ஆழம் தெரியும்?

அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் மேற்பரப்போடு நின்றுவிடும். மாங்கனீசு எஃகு காந்தத்தில் ஒட்டாது என்பதால், 50 ஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ. வரை இறங்கும். 5,000 ஹெர்ட்ஸ் ஆக்கினால் 6 மி.மீ.தான்! காந்தத்தில் ஒட்டும் சாதாரண எஃகில் 50 ஹெர்ட்ஸிலேயே சில மி.மீ.தான் போகும். அதனால் தடிமனான தகட்டுக்குக் குறைந்த அதிர்வெண், பெரிய காயில் தேவை.

எதில் கவனம்?

காயிலுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி, தகட்டின் சூடு, பின்னால் உள்ள இரும்பு பாடி எல்லாமே அளவை மாற்றும். அதனால் புதுத் தகட்டையும், தடிமன் தெரிந்த தேய்ந்த தகட்டையும் மெஷினில் மாட்டியே முதலில் அளந்து வைக்கணும். அந்த ஒப்பீடு இல்லாமல் காயில் காட்டும் எண்ணை நம்பி தகட்டை மாற்றக் கூடாது.